லினக்ஸ் போட்டால் வைரஸ் வராதா, டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான அப்டேட்டுகள் நின்றன. அன்றிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, தூக்கிப்போட மனசு வரலை. நீங்க சொல்ற லினக்ஸையே போட்டுக்கறேன். அதுல வைரஸே வராதாமே, உண்மையா?" நிரவியிலிருந்து கேட்கிறார்கள், திருநள்ளாற்றிலிருந்து கேட்கிறார்கள், பிரான்சில் குடியேறிவிட்ட பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: தாராளமாகப் போடுங்கள். ஆனால் "வைரஸ் வராது" என்று நம்பிக்கொண்டு போடாதீர்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, உங்களுக்கு வாய்ப்பாடும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தவள். லினக்ஸ் என்ற பெயரையே என் அண்ணன் மகள் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். அவள் நாகப்பட்டினத்தில் படித்தாள். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கு ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்று இன்னொன்றும் இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட லினக்ஸ். மெனு எல்லாம் தமிழில் வந்ததைப் பார்த்து எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அன்று தொடங்கியதுதான்.

இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மூன்றிலும் லினக்ஸ் மின்ட். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்து தமிழில் தட்டச்சுப் பழகுகிறார்கள், படம் வரைகிறார்கள், பாடத்துக்கு வேண்டியதைத் தேடுகிறார்கள். "டீச்சர் வீட்டுக்குத்தான் போயிருக்கான்" என்று பெற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு நான் பொறுப்பு. அதனால்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

முதலில், லினக்ஸ் ஏன் கொஞ்சம் பத்திரமானது என்று சொல்லிவிடுகிறேன்.

நம்மூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் எல்லை. நாகூர்ப் பக்கம் வாஞ்சூர், தரங்கம்பாடிப் பக்கம் பூவம். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, "பையில என்ன?" என்று கேட்பார்கள். லினக்ஸும் அப்படித்தான். நீங்கள் அன்றாடம் புழங்கும் கணக்கு வேறு, கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றி அமைக்கும் அதிகாரம் உள்ள 'ரூட்' கணக்கு வேறு. புதிதாக ஒன்றை நிறுவவோ, உள்ளே இருக்கும் முக்கியமான கோப்பை மாற்றவோ வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கேட்கும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பும் தானாக ஓடாது. "இதை இயக்கலாம்" என்று அனுமதி கொடுத்தால்தான் ஓடும். வேண்டிய செயலிகளைக் கண்ட கண்ட தளங்களில் தேடி அலையவும் வேண்டாம். 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்ற ஒரே கடையில், முத்திரை சரிபார்த்து வைத்திருப்பார்கள்.

ஆக, பூட்டு நல்ல பூட்டு. அது சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் "திறக்கட்டுமா?" என்று உங்களைத்தான் கேட்கிறது. திருட வருகிறவனுக்கும் இது தெரியும். அவன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. உங்களிடம் வந்து பேசுகிறான்.

போன கோடை விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து என் பக்கத்தில் நின்றான்.

"டீச்சர், பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடுங்க டீச்சர்."

"எதுக்குடா?"

"கேம் ஒண்ணு டீச்சர். காசு குடுத்து வாங்கணும். ஆனா இந்த வெப்சைட்ல ஃப்ரீயா தர்றாங்க. ஒரே ஒரு வரிதான், காப்பி பண்ணி டெர்மினல்ல ஒட்டச் சொல்றாங்க. ஒட்டிட்டேன், பாஸ்வேர்டு கேக்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த ஒரு வரியை அவனையே துண்டு துண்டாகப் படிக்கச் சொன்னேன், வாக்கியத்தில் எழுவாய், பயனிலை பிரிக்கிற மாதிரி. முதல் சொல், "ரூட் அதிகாரத்தோடு செய்". அடுத்தது, "இந்த முகவரியிலிருந்து ஒன்றை எடுத்து வா". கடைசி, "வந்ததைத் திறந்து பார்க்காமல் அப்படியே ஓட்டு".

"முகவரி யாருடையது?" என்று கேட்டேன். தெரியாது என்றான். "எடுத்து வரப்போவது என்ன?" தெரியாது. "யார் என்றே தெரியாத ஒருத்தர், என்ன என்றே தெரியாத ஒன்றை, வீட்டுச் சாவியோடு உள்ளே அனுப்பச் சொல்றார். உங்க அம்மா அனுப்புவாங்களா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவனே அந்த ஜன்னலை மூடினான்.

பிள்ளைகளின் கணக்குகளுக்கு நான் நிர்வாகி அதிகாரம் தருவதில்லை. 'ஸ்டாண்டர்டு' கணக்குதான். அந்த ஒரு ஏற்பாட்டால்தான் அன்று அவன் எழுந்து வந்து கேட்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் பிள்ளைகள் தொடும் கம்ப்யூட்டர் இருந்தால் இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' என்ற இடத்தில் ஐந்து நிமிட வேலை.

"அப்படியானால் பாஸ்வேர்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதுமா, டீச்சர்?" போதாது. உளவு மென்பொருளைப் பற்றிப் பலர் கவனிக்காதது இதுதான். ரூட் அதிகாரம் கம்ப்யூட்டரின் உள்கட்டமைப்பைத்தான் காக்கும். உங்கள் புகைப்படங்கள், ஆதார் நகல், பென்ஷன் காகிதங்கள், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் உங்கள் சொந்தக் கணக்கிலேயே, ஹோம் ஃபோல்டரில் இருக்கின்றன. உங்கள் கணக்கில் ஓடும் எந்தச் செயலியும் அவற்றைப் படிக்கலாம். உளவு பார்க்க ரூட் எதற்கு? வீட்டுக்குள் வந்துவிட்டவன் பீரோவைத் திறக்க, வீட்டுப் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்ற வேண்டியதில்லை.

இது கற்பனை இல்லை. நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட அதே பாஸ் லினக்ஸில், நம் நாட்டு அரசு அலுவலகங்களிலேயே நடந்தது. 2024 ஜூனில் வொலெக்சிட்டி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு உளவு மென்பொருளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பெயர் டிஸ்கோமோஜி. பாகிஸ்தானிலிருந்து இயங்குவதாகச் சந்தேகிக்கப்படும் ஒரு கும்பல், இந்திய அரசு அலுவலகங்களில் பாஸ் லினக்ஸ் புழங்குவது தெரிந்து, அதற்கென்றே தயாரித்தது. திறந்தவருக்கு வருங்கால வைப்பு நிதி சம்பந்தமான ஒரு பி.டி.எஃப் படிவம்தான் கண்ணுக்குத் தெரியும். பின்னால் உளவாளி உட்கார்ந்துவிடுவான்.

அவனுக்கு உத்தரவு எப்படிப் போகும் தெரியுமா? டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் வழியாக, எமோஜிகளில்! கேமரா படம் அனுப்பினால் திரையைப் படம் பிடித்து அனுப்பும். நெருப்புப் படம் போட்டால் கோப்புகளைத் தேடி எடுத்து அனுப்பும். நரிப் படம் போட்டால் ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரில் உள்ள சொந்த விவரங்களையெல்லாம் மூட்டை கட்டும். வேலை நடக்கிறது என்பதற்குக் கடிகாரப் படம். நாம் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புகிற அதே படங்கள். பென் டிரைவ் செருகினால் அதிலுள்ளதையும் நகலெடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் தானே மறுபடி கிளம்பும்படி வைத்திருந்தார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. உள்ளே வந்த பிறகு பாஸ்வேர்டு வேண்டியிருந்தபோது, அந்தக் கும்பல் ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட் போல ஒரு போலிப் பெட்டியைத் திரையில் காட்டி, உட்கார்ந்திருப்பவரிடமே பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறது. அத்தனை தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் கடைசியில் மனிதரிடம்தான் வந்து கை நீட்டினார்கள்.

2025 ஆகஸ்டில் இதே போல இன்னொன்று வெளியானது. அதுவும் பாஸ் லினக்ஸைக் குறிவைத்ததுதான். கூட்ட அறிவிப்பு என்ற பெயரில் மின்னஞ்சலில் ஒரு ஜிப் கோப்பு வரும். உள்ளே பி.டி.எஃப் ஐகானோடு ஒன்று இருக்கும். உண்மையில் அது பி.டி.எஃப் இல்லை, 'டெஸ்க்டாப்' வகைக் கோப்பு. நம் திரையில் பிரௌசரையோ கால்குலேட்டரையோ திறக்க வைத்திருக்கும் குறுவழிக் குறி இருக்கிறதே, அதே இனம். அதற்கு எந்த ஐகானையும் மாட்டலாம், உள்ளே எந்தக் கட்டளையையும் எழுதலாம். தட்டினால், சந்தேகம் வராமலிருக்க ஒரு நிஜ பி.டி.எஃப் திறக்கும். அதற்குள் பின்னால் உளவு மென்பொருள் இறங்கிவிடும்.

அரசு அலுவலருக்குக் கூட்ட அறிவிப்பு என்றால், நமக்குப் பென்ஷன் படிவம், மின்கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை. எந்த இணைப்பு வந்தாலும் தட்டும் முன் அதன் மேல் வலது சொடுக்கு சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். வகை என்ற இடத்தில் பி.டி.எஃப் என்று இருக்க வேண்டும். பெயரின் வால் '.டெஸ்க்டாப்' என்றோ '.எஸ்ஹெச்' என்றோ இருந்தால் தொடாதீர்கள். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, எங்கிருந்து வாங்குகிறோம் என்பது.

2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, பதிவிறக்க இணைப்பைத் தங்களுடைய கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் பின்வாசல் வைத்த மின்ட் இருந்தது. அந்தப் பின்வாசலுக்குப் பெயர் 'சுனாமி'. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த நமக்கு அந்தப் பெயரைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. மின்ட் குழுவினர் விரைவில் கண்டுபிடித்து, தாங்களே முன்வந்து உலகத்துக்கு அறிவித்தார்கள். அன்று 17.3 சின்னமன் பதிப்பை அந்தத் தளத்திலிருந்து இறக்கியவர்கள்தான் மாட்டினார்கள்.

இதற்கு மருந்து 'செக்சம்'. கோப்பின் ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிக் கழித்துக் கணக்கிட்டு எடுத்த நீண்ட எண் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும், நீங்கள் இறக்கிய கோப்பின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதற்கு மேல் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கச் சொல்லி மின்ட் தளத்திலேயே வழிமுறை இருக்கிறது. "நண்பன் பென் டிரைவில் வச்சிருந்தான்" என்று வாங்கிப் போடுவது வேண்டாம்.

2024 மார்ச் 29-ஆம் தேதி இன்னும் பெரிய ஆபத்து ஒன்று தலைக்கு மேலே போயிற்று. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் பின்வாசல் வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் உள்நுழைய அரை விநாடி அதிகமாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். மென்பொருளின் மூலம் எல்லோரும் பார்க்கத் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. நம்மைப் போன்றவர்கள் போடும் நிலையான பதிப்புகளுக்கு அது வந்து சேரும் முன்பே தடுத்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், புத்தம் புதுசு வேண்டும் என்று சோதனைப் பதிப்புகளைப் போடாதீர்கள். நாலு பேர் புழங்கிப் பார்த்த பதிப்பு நமக்குப் போதும்.

இப்போது சித்தப்பா கதை. எங்கள் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் 'சொல்தா வீடு' என்றால் யாரும் காட்டுவார்கள். எண்பது தாண்டியும் கம்ப்யூட்டர் பார்க்கிறார். மின்ட் போட்டுக் கொடுத்தது நான்தான். ஒரு நாள் செய்தி படித்துக்கொண்டிருந்தவருக்குத் திரை முழுக்கச் சிவப்பு. சைரன் சத்தம். "உங்கள் விண்டோஸில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்." லினக்ஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் வைரஸாம்! பதற்றத்தில் சித்தப்பா எண்ணைச் சுழற்றிவிட்டார். அந்தப் பக்கம் இருந்தவன் ஏதேதோ பட்டன்களை அழுத்தச் சொல்ல, இங்கே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தூரத்தில் இருந்தபடி கம்ப்யூட்டரை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லியிருக்கிறான். அந்த வகைச் செயலிகள் லினக்ஸுக்கும் உண்டு. நிறுவப் போனதும் பாஸ்வேர்டு பெட்டி வந்தது. சித்தப்பா போனில், "இருங்க, எங்க அண்ணன் மகளைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவன் திட்டிவிட்டு வைத்துவிட்டான்.

அவருடைய பென்ஷன் கணக்கு அந்த பிரௌசரில்தான் இருந்தது. அன்று காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியம். பாஸ்வேர்டு பெட்டி வந்த இடத்தில் நின்று, "கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாரே, அதுதான் முழுப் பாடமும். உண்மையான உதவிக்காரர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். இப்படிச் சிவப்புத் திரை வந்தால் பிரௌசரை மூடுங்கள். மூட முடியவில்லையா, கம்ப்யூட்டரையே அணைத்துப் போடுங்கள். அது வெறும் இணையப் பக்கம், பெரும்பாலும் அதோடு சரி.

முன்னறைக் கம்ப்யூட்டர்களுக்கு நான் வழக்கமாகச் செய்வதையும் எழுதிவிடுகிறேன். பார்த்து நீங்களும் செய்யலாம்.

வாரம் ஒரு முறை 'அப்டேட் மேனேஜர்' திறந்து வந்ததையெல்லாம் நிறுவுகிறேன். ஓட்டை தெரிந்த உடனே அடைப்பதுதான் அப்டேட். பதிப்புக்கும் ஆயுள் உண்டு. மின்ட் 20-க்கு 2025 ஏப்ரலோடு முடிந்தது. 21-க்கு 2027 வரை, 22-க்கு 2029 வரை வரும்.

'ஃபயர்வால்' மின்ட்டிலேயே இருக்கிறது, ஆனால் அணைந்திருக்கும். திறந்து ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும்.

பிரௌசரில் விளம்பரத் தடுப்புக்கு யூபிளாக் ஆரிஜின் மட்டும் வைத்திருக்கிறேன். வேறு எக்ஸ்டென்ஷன்கள் இல்லை. பிரௌசருக்குள் உட்காரும் ஒட்டுண்ணிக்கு அடியில் விண்டோஸா லினக்ஸா என்ற கவலை கிடையாது.

'டைம்ஷிஃப்ட்' கொண்டு சிஸ்டத்தின் நகலை எடுத்து வைக்கிறேன். அதில் உங்கள் புகைப்படங்கள் சேராது. அவற்றைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.

மாதம் ஒரு முறை 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலைப் பார்க்கிறேன், வருகைப் பதிவேடு மாதிரி. எனக்குத் தெரியாத பெயர் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பேன்.

"ஆன்டிவைரஸ் வேண்டாமா?" என்பவர்களுக்கு: கிளாம் ஏவி என்று இலவசமாக ஒன்று உண்டு. அது பெரும்பாலும் விண்டோஸ் வைரஸ்களைத்தான் அடையாளம் காணும். உங்களுக்கு வந்த கோப்பை விண்டோஸ் வைத்திருக்கும் உறவினருக்கு அனுப்பும் முன் சோதிக்க நல்லது. அது இருக்கிறது என்ற தைரியத்தில் கண்டதையும் திறக்காதீர்கள்.

வீட்டு வாசலில் சிசிடிவி கேமரா மாட்டியிருப்பவர்கள் கவனியுங்கள். கேமராவுக்கும் வைஃபை ரவுட்டருக்கும் உள்ளே பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால். உங்கள் கேமராவின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறதா? இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். உங்கள் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, லினக்ஸை முதலிலிருந்து புதிதாகப் போடுங்கள். அரை மணி நேர வேலை. துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை விட அதுவே மேல். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் தமிழில் மேலும் படிக்க விரும்புவோர் 'கணியம்' இணைய இதழைப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் வருடக்கணக்காக எழுதிவருகிறார்கள். நானே அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன்.

இத்தனையும் நினைவில் நிற்காது என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஒன்றும் செய்யாதபோது பாஸ்வேர்டு பெட்டி வந்தால், 'கேன்சல்' அழுத்துங்கள். பிறகு என்னைக் கேளுங்கள். சாயங்காலம் பிள்ளைகள் இருப்பார்கள், ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம். வகுப்பில் நீங்கள் ஒரே கணக்கைப் பத்து தடவை கேட்டபோதே நான் சலித்துக்கொண்டதில்லை. இப்போது மட்டும் சலித்துக்கொள்வேனா?

உபயோகமாக இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், காரைக்கால்.